பியர் தெ குபர்த்தென்: பள்ளி மைதானத்தை நம்பியவர்

ஒலிம்பிக் விளையாட்டுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர் யாரென்று வினவினால், பொது அறிவுப் பரீட்சைக்குப் படிக்கும் எந்த மாணவனும் பியர் தெ குபர்த்தென் என்ற பெயரைத் தயங்காது சொல்லிவிடுவான். ஆனால் அப்பெரியார் முதலில் நாடியது ஒலிம்பிக்கை அன்று, பள்ளிக்கூடத்தையே என்பதை அறிந்தவர் சிலரே. பதினைந்து பதினாறு வயதுப் பையன்களை நேர்மையும் துணிவும் உள்ள மனிதராக்குவது எவ்வாறு என்பதே இளமையில் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்ட கேள்வி. ஒலிம்பிக், அக்கேள்விக்கு விடைதேடி அவர் செய்துகொண்ட கருவி. கருவி நாளடைவில் பெருத்து, எக்காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ அக்காரியத்தையே மறைத்துவிட்டது. அந்தக் கதையையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

எனக்கு இதில் ஈடுபாடு பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் முடிவுக் கோட்டருகே நடுவராக நின்றவன் நான். ஒரு முறை, 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட வந்த மாணவன் ஒருவனுக்கு மீசையை மழித்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் ஆண்டின் கடைசி இலக்கம் வேறு மையில் இருந்தது. பையன் தலைகுனிந்து நின்றான். அவனை அழைத்து வந்த ஆசிரியரோ என் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு, பத்திரங்கள் யாவும் ஒழுங்காகவே உள்ளன என்று வாதாடினார். எந்தப் பாடசாலை என்பது இங்கு வேண்டாம். அவ்விடத்தில் வெட்கப்படத் தெரிந்திருந்தவன் அச்சிறுவன் ஒருவனே என்பதுதான் என் நெஞ்சில் தைத்தது.

முன்பெல்லாம் இப்படி இருக்கவில்லை என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. அந்த முன்பு என்பது எக்காலம் என்று நூல்களில் தேடிப் போனபோதுதான் குபர்த்தெனின் வாழ்வு எனக்கு அகப்பட்டது.

அவர் 1863ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஓவியர், பழைய பிரபு குடும்பம், நோர்மண்டியில் மிர்வில் என்னும் ஊரில் மாளிகையும் நிலமும் உண்டு. பிள்ளைக்கு ஏழு வயது நடக்கையில் பிரான்ஸ் ஜேர்மனியருடன் போரிட்டுத் தோற்றது. தோல்விக்குக் காரணம் தேடிய தலைமுறையில் வளர்ந்தவர் அவர். சிலர் படையைக் குறை கூறினர். சிலர் அரசியலைக் குறை கூறினர். குபர்த்தென் பள்ளிக்கூடத்தைக் குறை கூறினார். அக்காலத்துப் பிரெஞ்சு உயர்பள்ளிகள் ஏறக்குறையப் படைமுகாம்களே. மாணவர் வரிசையாக நடந்து வகுப்புக்குச் செல்வர். நாள் முழுதும் மேசையிற் குனிந்திருப்பர். உயர்ந்த மதில்கள் சூழ்ந்த முற்றத்தில் சிறிது நேரம் உலாவுவர். யேசு சபையார் பள்ளியிற் கற்ற அவர், படைத்துறை வாழ்வும் வேண்டாம், சட்டத்துறை வாழ்வும் வேண்டாமெனத் தள்ளிவிட்டு, கல்விச் சீர்திருத்தமே தமது தொழிலெனத் துணிந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே இயலும் துணிவுதான் அது. எனினும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அச்செல்வத்தைக் குதிரைப் பந்தயத்திற் கரைத்த காலத்தில் அவர் அதைப் பள்ளிக்கூடத்திற் கரைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

சிறுவயதில் அவர் வாசித்த நூல்களுள் ஒன்று தோமஸ் ஹியூஸ் எழுதிய டொம் பிறவுணின் பள்ளிப் பருவக் கதை. இங்கிலாந்தின் றக்பி பள்ளியையும் அதன் தலைமையாசிரியர் தோமஸ் ஆர்னல்டையும் களமாகக் கொண்டு 1857ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது. 1883ஆம் ஆண்டு, இருபது வயதில், குபர்த்தென் கடல் கடந்து அப்பள்ளிகளை நேரிற் காணச் சென்றார். பின்னரும் பலமுறை சென்றார். றக்பி பள்ளியின் ஆலயத்தில் ஆர்னல்டின் கல்லறை முன் நின்றபோது தமது வாழ்வின் வழி புலப்பட்டதென்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். அங்கே அவர் கண்டது, மாணவர் தம் விளையாட்டைத் தாமே நடத்துவது. தலைவனைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. விதியை வகுப்பவரும் அவரே. விதி மீறியவனை வெளியே அனுப்புபவரும் அவரே. ஒருவன் தன் நேர்மைக்குத் தானே காவலனாகும் பழக்கம் இவ்வாறே வளரும் என்று அவர் முடிவு செய்தார்.

இங்கே ஒரு திருத்தம் வேண்டும். 1828 முதல் 1842 வரை றக்பியை ஆண்ட ஆர்னல்ட் விளையாட்டைப் பெரிதாக எண்ணியவரல்லர். சமயமும் ஒழுக்கமும் கல்வியுமே அவருக்குப் பெரிது. மூத்த மாணவருக்குப் பொறுப்பளித்தார் என்பது உண்மை. மைதானத்தைக் கல்வியின் நடுவே வைத்தவர்கள் அவர் வழிவந்த பிறர். ஆர்னல்டிடம் உதவியாசிரியராக இருந்த கொட்டன் என்பார் 1852ஆம் ஆண்டு மார்ல்பறோ பள்ளிக்குத் தலைமையேற்றார். அங்கே முந்திய ஆண்டில் மாணவர் பெருங் கலகமே விளைத்திருந்தனர். அயலார் காடுகளில் திருட்டு வேட்டையாடித் திரிந்த பையன்களை மைதானத்துள் அடக்கி வைப்பதற்கே அவர் ஒழுங்கான விளையாட்டுகளை ஏற்படுத்தினார். ஆகவே நாம் பொற்காலமென்று போற்றும் காலத்தின் தொடக்கத்திலே நிற்பது பெருந்தகைமை அன்று. கலகத்தை அடக்கும் உபாயம். குபர்த்தெனோ தாம் காண விரும்பிய ஆர்னல்டையே கண்டார். பெரிய காரியங்களைச் செய்தவர் பலர் இவ்வாறு ஒரு நல்ல தவறான எண்ணத்திலிருந்து புறப்பட்டவர்களே. நம் நாட்டிலும் மிஷன் பாடசாலைகள் வழியாக வந்து வேரூன்றிய இல்லங்களும், மாணவர் தலைவர் முறையும், இல்லங்களுக்கிடையிலான போட்டிகளும் அதே ஆங்கிலப் பள்ளிகளின் வழித்தோன்றல்களே.

பாரிஸில் அவர் கண்ட நிலைமை வேறு. 1882ஆம் ஆண்டளவில் உயர்பள்ளி மாணவர் சிலர் சென் லசார் புகையிரத நிலையத்தின் பெருமண்டபத்தில் ஓட்டப்பந்தயம் நடத்தத் தொடங்கினர். அவர்களுக்கு முன்மாதிரி குதிரைப் பந்தயம். குதிரையோட்டிகளின் வண்ணப் பட்டுச் சட்டையும் தொப்பியும் அணிந்து, சிலர் கையிற் சாட்டையும் ஏந்தி ஓடினர். ஓடுபவர்மீது பணம் கட்டினர். இக்கூட்டத்திலிருந்தே பிற்காலத்துப் புகழ்பெற்ற றேசிங் கழகம் பிறந்தது. ஜோர்ஜ் தெ சென் கிளேர் என்பார் உள்ளே வந்து, சாட்டையையும் பந்தயப் பணத்தையும் நீக்கி அதை ஒழுங்குபடுத்தினார். பள்ளி விளையாட்டில் பணம் இன்று நேற்றுப் புகுந்ததென்று பெருமூச்சு விடுவோர் இம்மண்டபத்தை ஒருகணம் மனக்கண்ணாற் பார்ப்பது நன்று. பிரான்ஸில் அது தொட்டிலிலேயே இருந்தது.

1888ஆம் ஆண்டு, ஜூல் சிமோன் என்ற மூத்த அரசியலறிஞரைத் தலைவராக்கி, கல்வியில் உடற்பயிற்சியைப் பரப்பும் குழுவொன்றைக் குபர்த்தென் அமைத்தார், செயலாளர் தாமே. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்வையிட்டு வந்தார். ஊர்தோறும் அலைந்து, தலைமையாசிரியர்களிடம் வாதாடி, மாணவர் கழகங்களை நிறுவச் செய்தார். கழகத்தின் தலைவன், செயலாளன், தனாதிகாரி மூவரும் மாணவராக இருத்தல் வேண்டும், கணக்கையும் அவர்களே வைத்தல் வேண்டும் என்பது அவர் போக்கு. பிரெஞ்சு ஆசிரியர் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. பெற்றோர், மகன் காலை முறித்துக்கொள்வான் என்றும் பரீட்சையில் தவறுவான் என்றும் அஞ்சினர். இந்த இரண்டாவது அச்சம் எக்காலத்தும் எந்நாட்டிலும் மாறாதது போலும்.

பாரிஸை அடுத்த ஆர்க்கேய் என்னும் ஊரில் திதோன் என்ற தொமினிக்கன் துறவியார் ஒரு பள்ளிக்குத் தலைவராயிருந்தார். 1891ஆம் ஆண்டு அப்பள்ளியின் விளையாட்டு விழாவுக்கென அவர் இலத்தீனில் மூன்று சொற்களை மாணவருக்குக் குறிக்கோளாக அளித்தார். இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக என்பது அவற்றின் பொருள். குபர்த்தென் அதைத் தம் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்று உலகமெங்கும் அறிந்த ஒலிம்பிக் வாசகம் ஒரு பள்ளிக்கூடத்து விழாவிற் பிறந்தது. மற்றொருவனைவிட விரைவாக என்று அது கூறவில்லை. நேற்றைய உன்னைவிட என்பதே ஓர் ஆசிரியர் தம் மாணவருக்குச் சொல்லக்கூடிய பொருள் என்று நான் கொள்கிறேன்.

1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்ஸின் முதலாவது றக்பி வாகைப் போட்டி நடைபெற்றது. மோதிய கழகங்கள் றேசிங், ஸ்தாட் பிரான்சே என்னும் இரண்டு. இரண்டும் பள்ளி மாணவர் தொடங்கியவை. நடுவராக நின்றவர் குபர்த்தென். றேசிங் 4 புள்ளிகளும் எதிரணி 3 புள்ளிகளும் பெற்றன. ஒற்றைப் புள்ளியில் முடியும் ஆட்டத்தில் நடுவராயிருப்பது எத்தகைய வேதனை என்பது அத்தொழில் செய்தவருக்கே தெரியும். சிறிய உருவமும் பெரிய மீசையுமாக அவர் அந்தச் சேற்றில் ஓடித் திரிந்த காட்சியை எண்ணும்போது, பின்னாளில் அரசர்கள் அருகே அமர்ந்திருந்த குபர்த்தெனைவிட இவரே எனக்கு நெருங்கியவராகத் தோன்றுகிறார்.

அதே ஆண்டு நவம்பரில் சோர்போன் பல்கலைக்கழக மண்டபத்தில் ஒலிம்பிக்கை மீட்க வேண்டுமென முதன்முதல் வெளிப்படையாகக் கூறினார். கேட்டவர்கள் கைதட்டினர், எவருக்கும் விளங்கவில்லை. 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் அங்கே ஒரு மாநாடு கூட்டினார். பணம் பெறாது விளையாடுவோர் யார் என்பதை வரையறுப்பதே மாநாட்டின் நோக்கமென அறிவித்திருந்தார். அது ஒரு திரை என்பதை அவரே பின்பு ஒப்புக்கொண்டார். பணம் பெற்றாரா இல்லையா என்ற கேள்வியில் அவருக்கு உண்மையில் அத்துணை அக்கறை இருந்ததில்லை. இங்கிலாந்தின் படகோட்டும் சங்கம் கைத்தொழிலாளரை அமெச்சூர் வகுப்பிலிருந்தே விலக்கிய விதியை அவர் அறிவார். அது நேர்மையைக் காக்கும் வேலியன்று, உழைப்பவனைத் தடுக்கும் வேலி. இருந்தும் தமக்குத் துணைநின்ற ஆங்கிலேயர் மனங்கோணாதிருக்க அவ்வேலியை விட்டுவைத்தார். இதன் விலையைப் பிறரே செலுத்தினர். அமெரிக்காவில் கார்லைல் பள்ளியில் பயின்ற செவ்விந்திய வீரன் ஜிம் தோர்ப், 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றான். முன்பு சிறு கூலிக்குப் பேஸ்போல் ஆடினான் என்று சொல்லி அடுத்த ஆண்டே அவை பறிக்கப்பட்டன. அப்போது ஒலிம்பிக் குழுவின் தலைவர் குபர்த்தெனே. அவன் இறந்து பல ஆண்டுகளின் பின், 1982ஆம் ஆண்டு வெற்றி ஓரளவு மீட்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுதான் அவன் தனி வெற்றியாளனென்று ஏற்கப்பட்டான்.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் முதலாவது விழா. கிரேக்க நாட்டு ஸ்பிரிடோன் லூயிஸ் மரதன் ஓட்டத்தில் வென்று புகழ் பெற்ற கதையைப் பள்ளிப் புத்தகங்கள் கூறும். அதே ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த பெலோகாஸ் என்பவன் வழியில் ஒரு பகுதியைக் குதிரை வண்டியிற் கடந்தான் என்று ஹங்கேரி நாட்டவர் முறையிட, அவன் நீக்கப்பட்டதைக் கூறா. 1904ஆம் ஆண்டு செயின்ற் லூயிஸ் மரதனில் லோர்ஸ் என்பவன் மோட்டார் வண்டியிலேறி வந்து முதலாவதாக மைதானத்துள் நுழைந்தான்.

1908ஆம் ஆண்டு இலண்டனில் நடந்தது இவற்றினும் கசப்பானது. அங்கே பிரித்தானியரும் அமெரிக்கரும் முதல் நாளிலிருந்தே ஒருவரையொருவர் ஐயுற்றனர். நடுவர்கள் எல்லாரும் பிரித்தானியர். ஜூலை 23ஆந் திகதி 400 மீற்றர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்கரான கார்ப்பென்ரர், பிரித்தானியரான ஹல்ஸ்வெல்லை வழிமறித்தார் என்று நடுவர் கூவினர். முடிவு நாடா அறுக்கப்பட்டது. ஓட்டம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. கார்ப்பென்ரர் நீக்கப்பட்டார். மறு ஓட்டம் 25ஆந் திகதி நடந்தபோது மற்ற அமெரிக்கர் இருவரும் வர மறுத்தனர். ஹல்ஸ்வெல் தனி ஒருவராகப் பாதையைச் சுற்றி ஓடித் தங்கம் பெற்றார். எதிரில் எவருமின்றி ஓடிய அவ்வீரருக்கு அப்பதக்கம் மகிழ்ச்சி தந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட 24ஆந் திகதி இரவு விருந்தொன்றிற் குபர்த்தென் பேசினார். சில நாட்களின் முன் பென்சில்வேனியாவின் ஆயர் டால்பொட் சென் போல் பேராலயத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தை எடுத்துக்காட்டி, இவ்விழாக்களில் வெல்வதினும் பங்குபற்றுவதே பெரிதென்ற கருத்தை வலியுறுத்தினார். அக்கருத்து இன்று அவர் பெயரால் பள்ளிச் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அமைதியான வேளையிற் பிறந்த பொன்மொழியாக நாம் அதைப் படிக்கிறோம். உண்மையில் அது சண்டையின் நடுவே, நேற்றைய ஓட்டம் குலைந்து நாளைய ஓட்டம் புறக்கணிக்கப்படவிருந்த இரவில், ஏறக்குறைய மன்றாட்டாகச் சொல்லப்பட்டது.

பின்பு போர் வந்தது. 1915ஆம் ஆண்டு ஒலிம்பிக் குழுவின் தலைமையகத்தைச் சுவிற்சர்லாந்தின் லோசான் நகருக்கு மாற்றினார். அவர் குடும்பத்து இளைஞர் இருவர் போரில் மாண்டனர். மகன் குழந்தைப் பருவத்திலேயே நோயுற்று அறிவு வளர்ச்சி குன்றினான். மகளும் மனநோயால் வருந்தினாள். உலகத்துப் பிள்ளைகளை வளர்க்க வழிதேடியவரின் வீட்டில் இருந்த துயரம் இது. குடும்பச் செல்வமும் கரைந்தது.

1920ஆம் ஆண்டு அன்ற்வேர்ப் விழாவில், வீரர் ஒருவர் அனைவர் சார்பிலும் நேர்மையாய் ஆடுவோமென உறுதி கூறும் வழக்கம் தொடங்கிற்று. அவ்வுறுதிமொழியின் வாசகம் குபர்த்தென் எழுதியது; முதலிற் கூறியவர் பெல்ஜிய வாள்வீரர் விக்டர் புவான். நம் பாடசாலை விழாக்களில் கொடியின் கீழ் ஒரு மாணவன் கைநீட்டிச் சொல்லும் உறுதிமொழியின் தோற்றம் அதுவே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயப் பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் 1956ஆம் ஆண்டு மெல்பேர்ணிலும் அணிவகுத்து நின்றபோது அந்த உறுதிமொழியே அவர் பேராலும் கூறப்பட்டது. 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் ஆசியப் போட்டித் தங்கத்தை இலங்கைக்கு முதன்முதற் கொணர்ந்தவரும் அவரே. பள்ளி மைதானத்திலிருந்து அவ்வளவு தூரம் ஒரு பாதை உண்டென்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1925ஆம் ஆண்டு பிராக் நகரில் குபர்த்தென் தலைமைப் பதவியைத் துறந்தார். விளையாட்டு சந்தையாவதா கோயிலாவதா என்பதை விளையாடுவோரே தெரிந்துகொள்ள வேண்டுமென அப்போது எச்சரித்தார். துறந்ததும் ஓய்ந்திருக்கவில்லை. தொடங்கிய இடமாகிய கல்விக்கே திரும்பி, விளையாட்டுக் கல்வி பற்றிய நிலையமொன்றை நிறுவினார். அதன் பெயரால் 1930ஆம் ஆண்டு ஜெனீவாவில் வெளியான சீர்திருத்தப் பட்டயமே அவருடைய எழுத்துகளுள் இன்று அதிகம் வாசிக்கப்பட வேண்டியதென்பேன். விளையாட்டின்மீது மூன்று குற்றங்களை அது சாட்டியது: உடலை அளவுமீறி வருத்துதல், அறிவை மழுக்குதல், வணிக ஆசையைப் பரப்புதல். காட்சிக்காகக் கட்டப்படும் பேரரங்குகள் வேண்டாமென்றது. சூதாட்ட விடுதிகளும் உணவு விடுதிகளும் நடத்தும் வாகைப் போட்டிகளை ஒழிக்கச் சொன்னது. மாணவர் தம் பள்ளிக் கழகத்தின் கொடியின் கீழேயே ஆடவேண்டுமென்றது. 16 வயது நிரம்பாத எவரையும் பொதுமக்கள் முன் நடக்கும் போட்டிகளில் இறக்கலாகாதென்றது.

இந்தக் கடைசி விதியை நான் படித்தபோது, மை மாறிய அந்த இலக்கம் நினைவுக்கு வந்தது. சிறுவனைப் பொய்யனாக்குவது விளையாட்டன்று. அவன் வெற்றியால் தமக்குப் பெயர் வேண்டிச் சுற்றி நிற்கும் பெரியவர்களே என்பதை அம்முதியவர் கண்டுகொண்டார். இளமையில் மாணவரின் கையிற் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னவரும் அதையே வேறு வகையிற் சொன்னார். 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரில் முதலாவது இளையோர் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. அதிற் பங்குபற்றியோரின் வயது 14 முதல் 18 வரை.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. பெண்கள் ஒலிம்பிக் களத்தில் இறங்குவதை இறுதிவரை எதிர்த்தார். இவ்விடயத்தில் உலகம் அவர் பேச்சைக் கேளாமல் விட்டது நல்லதாயிற்று. 1936ஆம் ஆண்டு ஹிட்லரின் ஆட்சியில் பெர்லினில் நடந்த விழாவைப் புகழ்ந்தார். ஜேர்மன் அரசிடம் பணவுதவியும் பெற்றார். முதுமையும் வறுமையும் புகழாசையும் சேர்ந்தால் மனிதர் எவ்வாறு இசைவர் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆயினும், காட்சிக்கான பேரரங்கு வேண்டாமென்று எழுதிய கை ஆறாண்டுகளின் பின் அந்தப் பேரரங்கை வாழ்த்தியதை என்னால் எளிதிற் கடந்துபோக இயலவில்லை.

1937ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி ஜெனீவாவின் லா கிறாஞ்சுப் பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 74. உடல் லோசானில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில், அவர் வாழ்நாளிலேயே 1927ஆம் ஆண்டு அவருக்கென நிறுவப்பட்டிருந்த கற்றூணுள் 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் வைத்தனர். மனைவியார் மாரி, நோயுற்ற பிள்ளைகளைக் காத்துக்கொண்டு, 101 வயதுவரை வாழ்ந்து 1963ஆம் ஆண்டு காலமானார்.